‘போல’ போடாத கடிதம்

உவமைக்கு ஒரு அடி, உருவகத்துக்கு இரண்டு அடி. தமிழ் இலக்கணத்தில் நான் இன்றுவரை மறக்காத ஒரே பாடம் இதுதான். மற்றதையெல்லாம் வாத்தியார் வாயால் சொல்லிக்கொடுத்தார், மறந்துவிட்டது.

மலாயாவில், லாபிஸ் ரயிலடியிலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். ரப்பர் தாள் உலர்த்திய பழைய புகைக்கூடத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் மூட்டைகளையும் மறுபாதியில் எங்களையும் அடைத்திருந்தார்கள். அந்த மறுபாதிக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர். அங்கே ஒரு நாள் வாத்தியார் பிரம்பை மேசைமேல் கிடத்திவிட்டு விளக்கினார்.

“ஒண்ணு இன்னொண்ணு போல இருக்குன்னு சொன்னா, அது உவமை. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஒட்டாது. அதுவேதான் இதுன்னு சொல்லிட்டா உருவகம். ரெண்டும் ஒண்ணாயிரும், பிரிக்க முடியாது. எங்க, ஆளுக்கொண்ணு சொல்லுங்க பாப்போம்.”

முன்வரிசைப் பிள்ளைகள் நிலவையும் தாமரையையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடைசி வரிசைக்கு எதுவும் மிஞ்சவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். கண்ணில் பட்டதைச் சொன்னேன்: “வாத்தியார் வயிறு பூசணிக்காய் போல இருக்கிறது.”

இடது கையில் ஒன்று விழுந்தது.

“எங்க, தொரை இப்ப உருவகம் சொல்லுங்க.”

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை அல்லவா? “வாத்தியார் பூசணிக்காய்” என்றேன்.

வலது கையில் இரண்டு.

வீட்டுக்கு நடக்கும்போது கையை ஊதிக்கொண்டே யோசித்தேன். சொன்னது ஒரே பூசணிக்காயைத்தான். ‘போல’ இருந்தபோது ஒன்று, ‘போல’யை எடுத்ததும் இரண்டு. ஆகவே உருவகத்துக்கு உவமையைவிட இரு மடங்கு வலு. இதைக் கண்டுபிடித்த பத்து வயதுப் பண்டிதனுக்கு அதற்குப் பிறகு ‘போல’ என்ற சொல்லே பிடிக்காமல் போயிற்று. கோழைகளுக்கான சொல் அது என்று முடிவு செய்தேன்.

இந்தப் பண்டிதத்தனத்துக்கு வேறொரு சமயம் வாய்த்திருந்தால் யாருக்கும் சேதமில்லை. ஆனால் அப்போது எங்கள் வீட்டில் அம்மா இல்லை.

சின்ன மாமா கல்யாணத்துக்கென்று கைக்குழந்தைத் தங்கையைத் தூக்கிக்கொண்டு அம்மா கப்பலேறி நாகப்பட்டினம் போயிருந்தாள். மூன்று மாதத்தில் வருவதாகப் பேச்சு. எட்டு மாதம் ஆகிவிட்டது. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே பிழைப்பு ஆடிப்போயிருப்பதாகக் கேள்விப்பட்டோம், தங்கச்சி இனி இங்கேயே இருக்கட்டும், மச்சான் வருவதானால் வரலாம், பையனை மட்டுமாவது அனுப்பிவைக்கலாம் என்று அதில் இருந்தது. மளிகைக் கடை நானாதான் படித்துச் சொன்னார். ‘பையனை மட்டுமாவது’ என்ற இடத்தில் அப்பா என் தலையில் கையை வைத்தார். மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா எதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். அம்மா புறப்பட்ட அன்று லாபிஸ் ரயிலடியில், வண்டி ஊதிய பிறகும், அம்மா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, “சீக்கிரம் வான்னாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன். பால் மரம் போல நிக்கிறீங்களே” என்றாள். அப்பா பால் மரம் போலவே நின்றார். வண்டி போன பிறகு, “போயிட்டு வா” என்று தண்டவாளத்திடம் சொன்னார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாசற்படியில் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “டேய், காயிதம் எடு. உங்கம்மாவுக்கு எழுதணும்” என்றார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்கு நேரே கடிதம் எழுதுவது கிடையாது. அந்தப் பக்கம் யாராவது அதை உரக்கப் படிப்பார்கள், தெருவே சூழ்ந்து கேட்கும். அதனால் பிள்ளை தாய்க்கு எழுதுகிற மாதிரிதான் எழுதுவோம். அப்பா சொல்வார், நான் ‘அப்பா’ என்று போட்டு எழுதுவேன். அவருக்கோ எழுத்து தெரியாது. ஆக, அப்பாவின் மனம் கடல் தாண்டுவதற்கு என் பேனாவைத் தவிர வேறு கப்பல் இல்லை. (இந்த உருவகத்துக்கு இப்போது யாரும் அடிக்கமாட்டார்கள் என்ற தைரியம்.)

“அப்பா நல்லா இருக்காருன்னு எழுது.”

எழுதினேன்.

“மழை பேயுதுன்னு எழுது. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. அதுல ஒண்ணு கறுப்பு.”

கறுப்பு வரைக்கும் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். கத்தி கல்லில் போய்ப் போய் வந்தது. நான் அடுத்த வீட்டுச் சேவலை வேடிக்கை பார்த்தேன், காலை ஆட்டினேன், பேனாக்கட்டையைக் கடித்தேன். உட்கார்ந்த இடத்தில் இருக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்த சமயத்தில் அப்பா கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வீடு சுடுகாடு போல கெடக்குன்னு எழுது.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அப்பா பொணம் போல நடமாடுறாருன்னு எழுது. பையன் அநாதை போல திரியிறான்.” கத்தி நின்றது. “‘போல’ன்னு போட்டியா?”

“ம்.”

“மூணு எடத்துலயும்?”

“போட்டேம்ப்பா.”

“மறக்காம போடு. நாலு பேர் கேக்கறது. மானம் போயிரும்.”

ஓர் இடத்திலும் போடவில்லை. பாவம், அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், உவமையோடு நின்றுவிட்டார், நாம்தான் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். ‘வீடு சுடுகாடு. அப்பா பிணம். நான் அநாதை’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. ஆனால் மேலே, ‘அப்பா நல்லா இருக்கார்’ என்று இருந்தது. பிணம் எப்படி நன்றாக இருக்கும்? பொருத்தமாக இல்லையே என்று அந்த வரியை அடித்தேன். மழையும் ஆட்டுக்குட்டியும் அழகைக் கெடுத்தன. அவற்றையும் அடித்தேன். பிறகு, அடித்தல் திருத்தலோடு அனுப்பினால் அம்மா திட்டுவாள் என்று வேறொரு தாளில் சுத்தமாக எழுதினேன். மூன்றே வரி. அவ்வளவு நல்ல கையெழுத்து எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை.

அப்பா வாங்கிப் பார்த்துவிடுவாரோ என்று ஒரு பயம். பார்த்தாலும் தெரியாது என்பது நினைவுக்கு வரவில்லை. அவசரமாகச் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டிக் கடைக்கு ஓடி, நானாவின் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய காரியம் முடித்தவனாக ஆற்றில் குதித்தேன்.

அடுத்த மூன்று நாள் ராஜாவாகத் திரிந்தேன். நான்காம் நாள் வியாழக்கிழமை. தேங்காயெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். மேல் லயத்து அக்கா ஒருத்தி, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லி நானாவிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். நானா உறையைப் பிரிக்கவில்லை. முதலில் நான்கு மூலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மஞ்ச இருக்கும்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க. பயப்படாதீங்க.”

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஆட்கள் எந்தக் கடிதத்தை அனுப்பினாலும் மூலையில் மஞ்சளைத் தொட்டு வைப்பார்கள். கடல் தாண்டி வருகிற காகிதம் ஆயிற்றே, பிரிப்பதற்கு முன்பே ஆள் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். நான் மஞ்சள் வைக்கவில்லை.

“நானா, மஞ்ச வைக்காம போனா என்ன நெனப்பாங்க?”

“எழவு சேதின்னு நெனப்பாங்க. பிரிக்கவே மாட்டாங்க, அதுக்கு முன்னாடியே அழுவ ஆரம்பிச்சுருவாங்க.”

“அப்புறம் பிரிச்சுப் பாப்பாங்கல்ல?”

“பாப்பாங்க.”

“பாத்தா உள்ள, ‘அப்பா பிணம்’னு எழுதியிருந்தா?”

நானா தராசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எந்தப் படுபாவி அப்படி எழுதுவான்?”

“சும்மா. உருவகம்.”

“அது யாரு உருவகம்? எந்த லயத்துப் புள்ள?”

நான் எட்டிப் பார்த்தேன். தகரப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு காலியாக இருந்தது. “தபால் போயிருச்சா நானா?” என்று கேட்டேன். “வியாழக்கிழமைதானே வாரத் தபால்? அது அப்பவே போயிருச்சு, தம்பி. சைக்கிள் இந்நேரம் லாபிஸ் போய்ச் சேந்திருக்கும்.”

எண்ணெய்ப் போத்தலைக் கடைப்பலகையில் வைத்தேன். ஓடினேன்.

செம்மண் பாதையில் இரண்டு மைல், தண்டவாளத்தின்மேல் இரண்டு மைல். கட்டைக்குக் கட்டை தாவினேன். வழியெல்லாம் எனக்கு நாகப்பட்டினம் பக்கத்து ஊர் தெரிந்தது. நான் பார்த்ததே இல்லாத அந்தத் தெருவில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். பெரிய மாமா துண்டால் வாயைப் பொத்தினார். அம்மாவின் நெற்றிக் குங்குமத்தை யாரோ அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள், தாலியை இறக்கினார்கள். எல்லாம் ஒரு ‘போல’ இல்லாததால். மூன்று ‘போல’ எழுத எவ்வளவு மை ஆகியிருக்கும்?

ரயிலடிக்குப் போனபோது வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கொடி பிடித்து நின்ற மலாய்க்காரர் என்னையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சூடா பெர்கிலா” என்றார். போய்விட்டதாம். அது எனக்குத் தெரியாதா? தபால் பையை இறக்கச் சொல்லி மலாயில் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுகைக்கு மொழி வேண்டாம். அவர் வாழைப்பழம் ஒன்று கொடுத்தார். அழுதுகொண்டே அதைத் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போக மூன்று வாரம், வர மூன்று வாரம் என்று விரலை மடக்கினேன், நீட்டினேன். அப்பா மத்தியானம் வெட்டிய ரப்பர்ப் பாலைக் கொட்டிவிட்டு வந்து பாயில் நீட்டிப் படுத்தால் எனக்குப் பிணம்தான் தெரியும். போய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். “என்னடா?” என்பார். “ஈ” என்பேன். சில நாள், “நேரா படுக்காதப்பா, ஒருக்களிச்சுப் படு” என்று கெஞ்சுவேன். பத்து வயதில் நான் அப்பாவுக்குக் காட்டிய அக்கறையைப் பார்த்து லயமே மெச்சியது. தாயில்லாத குறையில் பிள்ளை எவ்வளவு பொறுப்பாகிவிட்டான் என்று பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொரு கடிதம் எழுதிச் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்தத் தடவை முதலில் மஞ்சள். மூலையில் வைத்தது போதாது என்று தாள் முழுக்கப் பூசினேன். கல்யாணப் பெண் போல ஆகிவிட்டது. (பயம் வந்ததும் ‘போல’ தானாகத் திரும்பி வந்துவிட்டதைக் கவனிக்கவும்.) அதன்மேல், ‘அப்பா பிணம் இல்லை’ என்று எழுதினேன். மை மஞ்சளில் ஊறிப் படர்ந்தது. படித்துப் பார்த்தேன். பிணத்தையே காணவில்லை, புலி இழுத்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டால்? கிழித்தேன். ‘முன்னே எழுதியது உருவகம்’ என்று வேறொன்று எழுதினேன். உருவகம் என்றால் புது நோய் என்று நினைப்பார்கள். அதையும் கிழித்தேன். உண்மையை அப்பாவிடம் சொல்லலாம்தான். ஆனால் அவர் ஒவ்வொரு சாயங்காலமும் கத்தியைத் தீட்டிக்கொண்டு, “காயிதம் இந்நேரம் பினாங்கு தாண்டியிருக்குமாடா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே கேள்வியை முந்திய நாளும் கேட்டிருப்பார். “தாண்டியிருக்கும்ப்பா” என்பேன்.

எட்டாவது வாரம் ஒரு மத்தியானம். கடை வாசலில் நின்று ரயிலடியிலிருந்து வரும் அரிசி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டைகளின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. வெயிலுக்கு முந்தானையை முகம் மறைய இழுத்துப் போர்த்தியிருந்தாள். சேலை வெளுத்திருந்தது. வெள்ளையா, சாயம் போனதா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை.

நகரலாம் என்றால் கால் வரவில்லை. ஓய்வறியாத என் கால் அன்று ஒருநாள்தான் எனக்குக் கட்டுப்படாமல் நின்றது.

வண்டி வந்து நின்றது. அவள் இறங்கி முந்தானையை விலக்கினாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். வேர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. உலகத்தில் அதைவிட அழகான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்கு உவமையும் இல்லை, உருவகமும் இல்லை.

“அம்மா! அப்பா சாவல!” என்று கத்தினேன்.

“தெரியும்டா” என்றாள் அம்மா. “எங்க அவரு?”

“பால் கொட்டற எடத்துல.”

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். நான் முன்னும் பின்னுமாக ஓடினேன். வழியில் அம்மா சொன்னதிலிருந்து விஷயம் தெரிந்தது. மஞ்சள் இல்லாத உறையைப் பார்த்ததும் மாமா வீடே தலைகீழாகிவிட்டது. அத்தைமார் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். அம்மா மட்டும் உறையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்திருக்கிறாள். “சோறு வாசம். நீ ஒட்டினது. செத்த வீட்டுல புள்ளய விட்டுக் காயிதம் எழுதச் சொல்லுவாங்களா? கங்காணியில்ல எழுதுவாரு? மஞ்ச அரைக்கச் சோம்பேறித்தனம் உனக்கு.”

“அப்ப, அப்பா உசிரோட இருக்காருன்னு தெரிஞ்சுதான் வந்தியா?”

“ஆமா.”

“பின்ன ஏம்மா வந்த? மாமாதான் இருக்கச் சொன்னாரே?”

அம்மா நடையை இன்னும் வேகமாக்கினாள்.

பால் நிறுக்கும் கொட்டகையில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். அப்பா தோளில் காண்டாக்கம்பு, இரண்டு முனையிலும் வாளி நிறையப் பால். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மரம் போல. வாளிகள் மட்டும் ஆடின.

அம்மா இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் கப்பலில் யார் யாரையோ படிக்கச்சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தாள். கணக்கெழுதும் கிராணி, கங்காணி எல்லோரும் கேட்க ஒப்பித்தாள். “‘வீடு சுடுகாடு. அப்பா பிணம். நான் அநாதை.’ இது நீங்க சொன்னதா? இல்ல, இவன் கைச்சரக்கா?”

அப்பா என்னைப் பார்த்தார். மூன்று இடத்திலும் போட்டாயா என்று கேட்டவர். நாலு பேர் கேட்டால் மானம் போய்விடும் என்றவர். இப்போது இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையைத் தானாகப் பின்னால் கட்டிக்கொண்டேன். உருவகத்துக்கு இரண்டு, மூன்று உருவகத்துக்கு ஆறு.

அப்பா குனிந்து வாளிகளை இறக்கிவைத்தார். ஒரு துளி சிந்தவில்லை. கம்பைச் சாய்த்தார்.

“நான்தான் சொன்னேன்” என்றார்.

“அப்படியேவா?”

“அப்படியேதான்.”

கங்காணி கனைத்தார். வரிசையின் பின்னாலிருந்து எவனோ, “பொணம் முப்பது மங்குப் பால் கூடவே வெட்டியிருக்கு இன்னிக்கு” என்றான். கொட்டகையே சிரித்தது. அம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சிரித்தால் தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

அடி விழவே இல்லை. அன்று விழவில்லை, மறுநாளும் விழவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். ‘போல’ இருந்ததா இல்லையா என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. அம்மா ஒப்பித்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் ‘அப்படியே’ என்று சொல்லித் தொலைத்திருக்கிறார்.

தப்பித்த நன்றியில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். உள்ளே அம்மா மீன் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். “ஒண்ணு இன்னொண்ணு போல இருக்குன்னு சொன்னா உவமைப்பா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். ‘போல’யை எடுத்துட்டா உருவகம். ரெண்டும் ஒண்ணாயிரும்.”

அப்பா கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். உள்ளே சட்டியில் கரண்டி படுகிற சத்தம் நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அப்படியா?” என்றார் பிறகு.

பாவம், அவருக்கு மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் ஆற்றுக்கு ஓடிவிட்டேன்.